தோல் உரைத்த சாட்சி

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை எண்ணும்போது தமிழர் முதலில் வைத்தது மெய்யை. ஈண்டு மெய் என்பது தோலையே குறிக்கும். உயிர்களை அறிவின் வகையால் பகுத்த தொல்காப்பிய மரபியலும் தொட்டு உணரும் அறிவையே முதலறிவாகக் கொள்கிறது. அச்சொல்லுக்கே உடம்பு என்றும் உண்மை என்றும் பொருள்கள் உண்டு. தோலைப் பற்றி இக்கால மருத்துவ அறிஞர் கண்டறிந்தவற்றைப் படிக்கும்போது, இம்மூன்று பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடியது தற்செயல் போலத் தோன்றுவதில்லை. உடம்பின் உள்ளே நடப்பதைத் தோல் வெளியே நின்று கூறிவிடுகிறது. கேட்போர் அதனை எவ்வாறு கேட்கின்றனர் என்பது வேறு செய்தி. 1968-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் மேற்குப் பகுதியில் நேர்ந்த துன்பம் இவ்விரண்டையும் ஒருங்கே விளக்கும்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஃபுக்குவோக்கா நகரிலுள்ள கியூஷு பல்கலைக்கழக மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை அழைத்து வந்தனர். முகப்பருவைப் போன்ற கட்டிகள் அக்குழந்தைக்கு எழும்பியிருந்தன. முகப்பரு பருவ வயதினர்க்கு உரியது. மூன்று வயதில் அது வருவது இயல்பன்று. கோடை முடிவதற்குள் அக்குடும்பத்தில் மற்றவர்க்கும் அதே நோய் கண்டது. பின்னர் வேறு சில குடும்பங்கள் வந்தன. கன்னங்களிலும் காதுக்குப் பின்னும் கரும்புள்ளிகளும் வைக்கோல் நிறக் கட்டிகளும். கண்ணிமைகள் வீங்கி, அவற்றின் ஓரத்தில் வெண்ணெய் போன்ற கசிவு. நகங்களும் பல்லீறுகளும் கருமை ஏறியிருந்தன. தீராத களைப்பும் கைகால் மரத்துப்போதலும் உடன் இருந்தன. ஒரே வீட்டார் ஒருங்கே நோயுறுவதால், இது ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவதோ அல்லது ஒரே அடுப்பிலிருந்து வருவதோ ஆதல் வேண்டும்.

அடுப்பிலிருந்தே வந்தது. அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த சமையல் எண்ணெயே காரணம் என்ற ஐயத்தை அக்டோபர் மாதத்தில் செய்தித்தாள் ஒன்று வெளியிட்டது. உடனே கியூஷு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழு அமைந்தது. நோயுற்றோர் உண்ட எண்ணெய், பெரும்பாலும் அவ்வாண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் ஓர் ஆலையிலிருந்து வெளிவந்தது என்பதைக் குழுவினர் துப்பறிந்தனர். நவம்பர் தொடக்கத்தில் அந்த எண்ணெயில் பி.சி.பி. என்னும் செயற்கைப் பொருள் கலந்திருப்பது தெரிந்தது. நோய்க்கு 'யூஷோ' என்று பெயர் வந்தது. எண்ணெய் நோய் என்பதே அதன் பொருள்.

எண்ணெயில் அப்பொருள் கலந்த விதம் இது. தவிட்டெண்ணெயின் வாடையைப் போக்க அதனை இருநூறு பாகைக்கு மேல் சூடாக்குவர். நேரே நெருப்பில் வைத்தால் எண்ணெய் கருகும். ஆகவே எண்ணெய் நிறைந்த தொட்டிக்குள் உலோகக் குழாய்ச் சுருளை அமைத்து, அக்குழாயின் வழியே சூடாக்கிய பி.சி.பி.யை ஓடவிட்டனர். பி.சி.பி. எளிதில் எரியாது, கெடாது. மின்கருவிகளிலும் சூடேற்றும் குழாய்களிலும் அந்நாளில் உலகெங்கும் வழங்கியது அதன் பொருட்டே. குழாய் பழுதுற்றது, உள்ளிருந்தது வெளியே கசிந்தது, உண்ணும் எண்ணெயோடு கலந்தது. வாடையும் இல்லை, நிறமும் மாறவில்லை. உடல்நலத்துக்கு உகந்தது என்ற பேச்சை நம்பி இல்லத்தரசியர் அதனை விரும்பி வாங்கினர். நாகசாக்கி மாவட்டத்தைச் சேர்ந்த கோத்தோ தீவுகளில் மீனவர் குடும்பங்கள் பல அதனை வாங்கிப் பொரித்தும் வதக்கியும் உண்டன.

முன்னெச்சரிக்கை ஒன்று வந்திருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மேற்கு ஜப்பானில் ஏறத்தாழ 4 இலட்சம் கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில், மேற்சொன்ன ஆலையில் தவிட்டெண்ணெய் செய்யும்போது மிஞ்சும் கரிய எண்ணெய் கலந்திருந்தது. அதிகாரிகள் ஆலைவரை சென்று விசாரித்தனர். தீவனத்தைப் பற்றிக் கேட்டனர். மனிதர் உண்ணும் எண்ணெயைச் சோதிக்கவில்லை. கோழியைக் கவனிப்பது ஓர் அலுவலகம், மக்களைக் கவனிப்பது மற்றோர் அலுவலகம் என்ற பிரிவு இருக்கும் நாடுகளில் இத்தகைய பிழை நேர்வதற்கு வியப்படைய வேண்டுவதில்லை. ஆயினும் அக்கோழிகளின் இறப்பை எவரேனும் ஊன்றிப் பார்த்திருந்தால், கோடையில் அம்மூன்று வயதுக் குழந்தை மருத்துவமனைக்கு வந்திராது.

இனி, எண்ணெயில் கலந்த பொருள் தோலை வந்து தாக்குவது எங்ஙனம்? இதனை அறியத் தோலுக்கும் இயக்குநீர்களுக்கும் உள்ள உறவைச் சிறிது காணுதல் வேண்டும்.

ஹார்மோன் என்று வழங்கும் இயக்குநீரைத் தோட்டத்துப் பெரட்டு மணிக்கு ஒப்பிடலாம். விடியுமுன் மணி அடித்தால் அதன் ஓசை எல்லா வீட்டுக்கும் எட்டும். ஆனால் பால்மரம் வெட்டுபவர் கத்தியை எடுப்பார்; களை வெட்டுபவர் மண்வெட்டியை எடுப்பார்; குழந்தை புரண்டு படுக்கும். ஓசை ஒன்றே, கேட்பவர்க்கேற்பச் செயல் வேறு. அவ்வாறே சுரப்பிகள் விடும் இயக்குநீர் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் செல்கிறது. அதனை ஏற்கும் உறுப்பு எந்த உயிரணுவில் உள்ளதோ அது மட்டும் செயற்படும். அவ்வுறுப்புக்கு ஏற்பி என்று பெயர். மணி அடித்து ஓய்ந்ததும் இயக்குநீர் சிதைந்துவிடுகிறது. ஓயாமல் அடிக்கும் மணியால் ஒரு தோட்டத்தில் வேலை நடவாது.

தோலில் இவ்வேற்பிகள் மிகப் பல. ஆண், பெண் இருபாலரிடத்தும் சுரக்கும் ஆண்மை இயக்குநீர், மயிர்க்கால்களின் பக்கத்திலுள்ள நெய்ச்சுரப்பிகளைப் பெருக்குகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மாணவரின் முகம் எண்ணெய் வழிவதும் பரு எழுவதும் இதனால்தான். கருவுற்ற பெண்டிரின் கன்னத்தில் கருமை படர்வதும் இயக்குநீர்களின் செயலே. தோலே வெயிலின் உதவியால் 'டி' உயிர்ச்சத்தை ஆக்கி, உடம்புக்கு இயக்குநீர் போல வழங்குகிறது. ஆகவே தோல் வெறும் போர்வை அன்று. உட்சுரப்பு மண்டலத்தின் கேட்கும் செவியும் பேசும் வாயும் அதுவேயாகும்.

இம்மண்டலத்தின் ஒழுங்கைக் கெடுக்கும் புறப்பொருள்களுக்கு இயக்குநீர் குலைப்பிகள் என்று பெயரிடலாம். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் விங்ஸ்பிரெட் என்னுமிடத்தில் கூடிய அறிஞர் இக்கருத்தை உருவாக்கி அதற்குப் பெயரும் இட்டனர். தியோ கோல்பர்ன் என்னும் பெண்மணி அக்கூட்டத்தை முன்னின்று நடத்தினார். அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகட்கு முன்பே ஜப்பானியக் குடும்பங்களின் தோல் அதனை எழுதிக் காட்டிவிட்டது. படிக்கத் தெரிந்தவர் அன்று இல்லை.

யூஷோ நோயில் தோன்றிய கட்டிகளுக்கு மருத்துவ நூலில் 'குளோரக்னே' என்று பெயர். 1899-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் இப்பெயரை இட்டார். குளோரின் ஆலைத் தொழிலாளரின் தோலைக் கண்டு, குளோரினால் வந்த முகப்பரு என்று அவர் கருதினார். பெயரின் இரு பாதியும் பிழையானவை. அது குளோரின் வாயுவால் வருவதன்று, முகப்பருவும் அன்று. முகப்பருவில் நெய்ச்சுரப்பி பருத்து மிகுதியாகச் சுரக்கும். குளோரக்னேயில் நெய்ச்சுரப்பி சுருங்கி மறைகிறது. அவ்விடத்தில் நகம் போன்ற கடினப் பொருள் நிறைந்த பை உண்டாகிறது. தோல் வறண்டுபோகும். ஆகையால் முகத்தைத் தேய்த்துக் கழுவுவதால் அது சிறிதும் குறையாது. முகப்பருவுக்குத் தரும் மருந்துகளுக்கும் எளிதில் இணங்காது.

உண்மைக் காரணத்தைக் கண்டவர் ஹாம்பர்க் நகரத்துத் தோல் மருத்துவர் கார்ல் ஷூல்ஸ். 1954-இல் அந்நகரத்து ஆலை ஒன்றில், 2,4,5-டி என்னும் களைக்கொல்லிக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்த தொழிலாளர் குளோரக்னேயால் அவதியுற்றனர். மூலப்பொருளைத் தூய நிலையில் முயலின் காதில் தடவினால் ஒன்றும் நேரவில்லை. ஆலையில் செய்ததைத் தடவினால் கட்டி எழுந்தது. ஆகவே குற்றவாளி மூலப்பொருள் அன்று. அதனோடு ஒட்டி வந்த வேறொன்று. ஷூல்ஸ் அதனைப் பிரித்தெடுத்துத் தம் முன்கையிலேயே தடவிப் பார்த்தார். குளோரக்னே வந்தது. 1957-இல் அவரும் அவருடைய தலைவர் கிம்மிக்கும் முடிவை வெளியிட்டனர். அப்பொருளே டையாக்சின். செய்ய வேண்டும் என்று எவரும் செய்வதில்லை. வேறொன்றைச் செய்யும்போது தானே பிறக்கும் கழிவு அது.

2,4,5-டி என்ற பெயர் மலேசியத் தோட்டங்களின் வரலாற்றிலும் உண்டு. 1950-களில் மலாயாவில் ரப்பர் மரத்தின் பட்டையை இலேசாகச் சுரண்டி, செம்பனை எண்ணெயில் கரைத்த இம்மருந்தை வெட்டுக்குக் கீழே பூசினால் பால் மிகுதியாக வடியும் என்று கண்டனர். அதற்குக் காரணம், இம்மருந்து செடிகொடிகளின் வளர்ச்சி இயக்குநீரைப் போல நடிப்பதாகும். மிகுதியாகத் தெளித்தால் செடி கட்டுப்பாடின்றி வளர்ந்து மடியும், ஆகவே களைக்கொல்லி. அளவாகப் பூசினால் மரம் கூடுதலாகப் பால் தரும், ஆகவே ஊக்கி. மரத்தின் இயக்குநீரை ஏய்க்கும் பொருளோடு, மனிதரின் இயக்குநீர்களைக் குலைக்கும் பொருளும் ஒட்டிக்கொண்டு பிறந்தது. 1970-களில் எத்தஃபோன் என்னும் ஊக்கி, அதாவது தோட்டத்தார் அறிந்த ஈத்திரல், அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் 2,4,5-டியின் பயன்பாடு 1985-இல் அடியோடு நின்றது.

யூஷோவுக்குத் திரும்புவோம். எண்ணெயில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஆயிரம் பங்கு பி.சி.பி. இருந்தது. அதுவே நோயைச் செய்தது என்று முதலில் எல்லோரும் கொண்டனர். ஆனால் ஓர் இடர்ப்பாடு: பி.சி.பி. செய்யும் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்தில் நோயாளிகளிடம் இருந்ததைவிட மிகுதியாக அப்பொருள் இருந்தும், அவர்கள் இவ்வளவு நோயுறவில்லை. 1975-இல் விடை கிடைத்தது. குழாயில் நெடுநாள் கொதித்த பி.சி.பி. மாறி, டையாக்சினின் நெருங்கிய உறவான ஃபியூரான்களை உண்டாக்கியிருந்தது. எண்ணெயில் அவை பத்து இலட்சத்தில் ஐந்து பங்கே. நோயாளி ஒருவர் சராசரியாக உண்ட ஃபியூரான் மூன்றரை மில்லிகிராம் அளவு என்று கணக்கிட்டனர். ஓர் அரிசியை ஆறாக அல்லது ஏழாக உடைத்தால் ஒரு துண்டின் எடை அவ்வளவு இருக்கும்.

அத்துணைச் சிறிய அளவு இத்துணைத் தீங்கு விளைத்தது எங்ஙனம்? உயிரணுக்களில் 'ஏ.எச். ஏற்பி' என்று ஒன்று உண்டு. உடம்பினுள் வரும் வேண்டாப் பொருளை அறிந்து, அதனைச் சிதைக்கும் நொதிகளை ஆக்குமாறு அணுவின் கருவுக்குச் சொல்வது அதன் வேலை. சாதாரணப் பொருள் வந்தால் மணி அடிக்கும், நொதி பிறக்கும், பொருள் சிதையும், மணி ஓயும். டையாக்சினும் ஃபியூரானும் அவ்வேற்பியை இறுகப் பற்றுகின்றன. ஆனால் நொதிகளால் எளிதில் சிதைவதில்லை. ஆகவே மணி ஓய்வதில்லை. தோலில், நெய்ச்சுரப்பியாக வளர வேண்டிய இளம் அணுக்கள் அவ்வோயாத மணியைக் கேட்டு வழிமாறி, மேல்தோல் அணுக்களாகிக் கடினப் பொருளை ஆக்குகின்றன. நிறமணுக்களும் தூண்டப்பெற்றுக் கருமையை மிகுதியாக ஆக்குகின்றன. இது நேரே ஓர் இயக்குநீருக்குரிய ஏற்பி அன்று. எனினும் அது பிறப்பிக்கும் நொதிகள் பெண்மை இயக்குநீரையும் தைராய்டு இயக்குநீரையும் தம் விருப்பம்போல் சிதைத்து அளவைக் குலைக்கின்றன. யூஷோ பெண்டிர் பலர்க்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறியது இவ்வகையில் எண்ணத்தக்கது.

அந்நோயின் மிகக் கொடிய சாட்சி, எண்ணெயை ஒருபோதும் உண்ணாதவர்களிடம் வந்தது. 1968-இல் நோயுற்ற தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகள் பலர் கருமை கலந்த பழுப்பு நிறத்தோடு பிறந்தனர். இறந்து பிறந்த மகவுகளிடமும் அந்நிறம் இருந்தது. கருப்பை என்னும் காப்பிடத்தையும் அப்பொருள் கடந்து சென்றது என்பதற்குத் தோலே சான்றாயிற்று. தாய்ப்பால் வழியாகவும் அது சென்றது. சில மாதங்களில் குழந்தைகளின் நிறம் இயல்புக்குத் திரும்பியது. பெற்றோர் ஆறுதல் கொண்டனர். அவ்வாறு ஆறுதல் கொள்ளலாகாது என்பதைப் பின்வந்த மற்றொரு துன்பம் காட்டியது.

1979-இல் தைவான் தீவின் நடுப்பகுதியில் அதே பிழை, அதே வகை எண்ணெய், அதே நோய். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் துன்புற்றனர். முதலில் வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று தைச்சுங் பகுதியில் பார்வையற்ற குழந்தைகள் தங்கிப் படித்த பள்ளி. அங்குச் சமைத்த உணவை உண்ட மாணவரும் ஆசிரியருமாக நூற்றுக்கு மேற்பட்டோர்க்குத் தோல்நோய் கண்டது. தம் முகத்தில் எழுந்ததை விரலால் தடவி அறிந்த பிள்ளைகளின் நிலை எவர் நெஞ்சையும் உருக்கும். தைவான் மருத்துவர் ஜப்பானியரின் பட்டறிவால் ஒரு நன்மை பெற்றனர்: தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகளை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். நகங்கள் உருக்குலைந்தும் தோல் கருத்தும் பிறந்த பிள்ளைகள் பலர், நிறம் தெளிந்த பின்னும் அறிவு வளர்ச்சிச் சோதனைகளில் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்தங்கினர். தாய் நஞ்சுண்ட ஆண்டில் பிறந்தவர் மட்டும் அல்லர். ஆறாண்டு கழித்துப் பிறந்த பிள்ளைகளும் அவ்வாறே பின்தங்கினர். வகுப்பறையில் மந்தமாக இருக்கும் ஒரு மாணவனைச் சோம்பேறி என்று ஒதுக்கும் முன் ஆசிரியர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

இத்தாலியிலும் குழந்தைகளின் தோலே முதலில் பேசியது. 1976 ஜூலை 10-ஆம் நாள் மிலான் நகருக்கு வடக்கே வேதிப்பொருள் ஆலை ஒன்றிலிருந்து டையாக்சின் கலந்த புகை எழுந்து, செவெசோ என்னும் சிற்றூரின்மேல் இறங்கியது. ஏறத்தாழ இருநூறு பேர்க்குக் குளோரக்னே வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். தோல் ஆறியது. பின்னர்ப் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது வியப்பான செய்தி தெரிந்தது. மிகுதியாகத் தாக்குண்ட பகுதியில் 1977 முதல் 1984 வரை பிறந்தவர்களில் 26 பேர் ஆண்கள், 48 பேர் பெண்கள். சிறுவயதில் நஞ்சுக்கு ஆட்பட்ட தந்தையர்க்கு ஆண்மக்கள் குறைவாகப் பிறந்தனர் என்பதைப் பிறகு உறுதி செய்தனர். இயக்குநீர் குலைதல் என்பது எத்துணை ஆழம் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டா.

2004-இல் உக்ரேன் நாட்டின் அதிபர் தேர்தலில் நின்ற விக்டர் யுஷ்செங்கோவின் முகம் சில வாரங்களில் உருமாறியதை உலகமே படங்களில் கண்டது. அவர் இரத்தத்தில் டையாக்சின் பொதுமக்களிடம் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மடங்கு இருந்தது. ஜெனீவா மருத்துவர் அவர் தோலை நுணுகி ஆராய்ந்து, நெய்ச்சுரப்பிகள் மறைவதையும் பைகள் தோன்றுவதையும் படிப்படியாகக் கண்டனர். ஓயாத மணியைப் பற்றி மேலே சொன்ன விளக்கத்துக்கு அவ்வாய்வு பெரிதும் துணை புரிந்தது.

டையாக்சின், ஃபியூரான் இவற்றைக் குறித்துப் படித்தவர், நாள்தோறும் வழங்கும் சோப்பு, நறுமணத் தைலம், முகப்பூச்சு ஆகியவற்றைக் கண்டும் அஞ்சத் தொடங்குவதுண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. மணப்பொருளில் சேரும் தாலேட்டுகளும், பூச்சு கெடாதிருக்கச் சேர்க்கும் பாரபென்களும் இயக்குநீர்களைச் சிறிதளவு ஏய்க்கவல்லவை என்பது உண்மை. தோல் வழியே சில மணி நேரத்தில் அவை இரத்தத்தை அடைவதும் சோதனையில் கண்டதே. ஆனால் அவை ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்குவன அல்ல. ஓரிரு நாளில் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறிவிடும். கலிபோர்னியாவின் சலினாஸ் என்னும் வேளாண் ஊரில் 100 பள்ளிப் பெண்கள் மூன்று நாள் மட்டும் இப்பொருள்கள் இல்லாத பூச்சுகளைப் பயன்படுத்தினர். 2016-இல் வெளிவந்த முடிவின்படி, அவர்கள் சிறுநீரில் மெத்தில் பாரபென் 44 சதவீதமும், தாலேட்டு வகை ஒன்று 27 சதவீதமும் குறைந்தன. அஞ்சத் தேவையில்லை, விலகினால் விலகும்.

உண்மையில் அஞ்சத்தக்கது வேறு. முகத்தை விரைவில் வெளுப்பாக்கும் என்று கூறிச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் சில களிம்புகளில், அறிவிக்காமல் ஸ்டீராய்டு சேர்ந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு இயக்குநீரை ஏய்க்கும் பொருள் அன்று. அதுவே ஓர் இயக்குநீர். மருத்துவர் அளந்து தரும்போது நல்ல மருந்து. அளவின்றித் தடவினால் முதலில் முகம் பளபளக்கும். பின்னர்த் தோல் மெலிந்து, நரம்புகள் சிவந்து தெரிந்து, பரு மிகும். நிறுத்தினால் முன்னினும் மோசமாகச் சிவக்கும். அதனால் மீண்டும் தடவத் தூண்டும். கருப்பு நிறத்தைக் குறையாக எண்ணும் பேதைமை நம்மவரிடம் இருக்கும்வரை இவ்வாணிகம் படுப்பது அரிது.

யூஷோ நோயாளர்க்கு நேர்ந்த இறுதித் துன்பம் மருத்துவத்தால் வந்ததன்று, ஆவணத்தால் வந்தது. உதவித்தொகையும் சிகிச்சையும் பெற, நோயாளி என்று அரசு ஏற்றல் வேண்டும். ஏற்பதற்குரிய அடையாளங்களில் தலையாயது தோல்: குளோரக்னே உண்டா, கருமை உண்டா? நோய் தோன்றிய காலத்தில் அது நல்ல அளவுகோலே. ஆனால் தோல் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆறிவிடுகிறது. கொழுப்பில் தங்கிய ஃபியூரானோ நாற்பதாண்டு கழித்தும் அவர்கள் இரத்தத்தில் பிறரைவிட மிகுந்திருந்தது. தலைவலியும் மூட்டுவலியும் மரத்துப்போதலும் நீடித்தன. சாட்சி சொன்ன தோல் தன் சொல்லை மறந்துவிட்டதால், வழக்கே இல்லை என்று முடிவாயிற்று. ஒரே சட்டி எண்ணெயில் சமைத்துண்ட குடும்பத்தில் தாய் நோயாளி, மகன் நோயாளி அல்லன் என்று பிரிந்ததும் உண்டு. தம் உடலில் கேடு என்று முறையிட்டோர் ஏறத்தாழ 14,000 பேர். நெடுங்காலம் ஏற்கப்பட்டோர் இரண்டாயிரத்தை எட்டவில்லை.

2004-இல் இரத்தத்திலுள்ள ஃபியூரான் அளவும் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது. 2012-இல் இயற்றிய தனிச் சட்டத்தின் பின், 1968-இல் நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து அவ்வெண்ணெயை உண்டவரும் ஏற்கப்பட்டனர். மொத்த எண்ணிக்கை 2,300-ஐக் கடந்தது. ஆயினும் நோயுற்றவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே நின்றனர். எண்ணெயை அவர்கள் உண்ணவில்லை. இரத்த அளவும் அடையாளத்துக்குப் போதவில்லை. அவர்களைப் பற்றிய முறையான ஆய்வு ஜப்பானில் 2021-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. கருநிறத்தோடு பிறந்த அந்த முதல் குழந்தைகளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்நிறம் அவர்கள் தோலிலிருந்து மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.